பத்து லட்சம் இலக்குகள், ஆயிரம் நாற்காலிகள்

குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் நேரத்தை நிர்வகிக்கக் கற்கிறார்கள். மனதைக் கட்டுப்படுத்தக் கற்கிறார்கள். எப்போது எழுந்து போவது என்பதைத்தான் பெரும்பாலோர் கடைசியில் கற்கிறார்கள்.

தில்லி கரோல் பாக்கை ஒட்டிய பழைய ராஜிந்தர் நகரில் காலையிலேயே நூலகங்கள் நிரம்பத் தொடங்கிவிடுகின்றன. நூலகம் என்றால் புத்தகங்கள் அடுக்கிய இடம் அல்ல. மாத வாடகைக்கு ஒரு நாற்காலி, ஒரு மேஜை, பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாதபடி ஒரு தடுப்புப் பலகை, தலைக்கு மேல் ஒரு விளக்கு. அவ்வளவுதான். வடதில்லியின் முகர்ஜி நகரிலும், ஹைதராபாத் அசோக் நகரிலும், சென்னை அண்ணா நகரிலும் இதே காட்சிதான். 2024 ஜூலை 27 அன்று ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று பேர் உயிரிழந்தனர். இந்த நாற்காலிகள் எப்படிப்பட்ட இடங்களில் எல்லாம் போடப்பட்டிருக்கின்றன என்பது அன்றுதான் நாட்டுக்குத் தெரியவந்தது.

அறைக்குத் திரும்பினால் சுவரில் இரண்டு வரைபடங்கள். ஒன்று இந்தியா, மற்றது உலகம். இரண்டுக்கும் நடுவே கைப்பட எழுதிய கால அட்டவணை. காலை ஐந்துக்கு எழுவது, ஐந்தரை முதல் எட்டு வரை அரசியலமைப்பு, பிறகு ஒரு மணி நேரம் செய்தித்தாள் என்று இரவு பதினொன்று வரை கட்டம் கட்டமாக நீளும். அதில் காய்ச்சலுக்கு இடம் கிடையாது. ஊரிலிருந்து வரும் போனுக்கும் இடம் கிடையாது. மூன்றாம் நாள் அட்டவணை தவறும். நான்காம் நாள் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டப்படும்.

இலக்கு நிர்ணயம், நேர நிர்வாகம், சுயகட்டுப்பாடு, ஆளுமை வளர்ச்சி. நட்சத்திர ஓட்டல் கருத்தரங்குகளில் கம்பெனி மேலாளர்களுக்கு இரண்டு நாளில் சொல்லித்தரப்படும் இந்தப் பாடங்களை, இவர்கள் இருபதுகளின் பெரும்பகுதியைப் பணயம் வைத்துக் கற்கிறார்கள். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமும், அதாவது யு.பி.எஸ்.சி.யும், இவற்றைத்தான் எதிர்பார்க்கிறது. 2013 முதல் முதன்மைத் தேர்வில் நெறிமுறைக்கு என்று 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் இருக்கிறது. உணர்ச்சிகளைப் புரிந்து கையாளும் அறிவு அதன் பாடத்திட்டத்தில் ஒரு தலைப்பு. கடைசிக் கட்டமான நேர்முகத்துக்கு ஆணையம் வைத்திருக்கும் பெயரே 'ஆளுமைத் தேர்வு'தான்.

இந்த வகுப்பறை எவ்வளவு குறுகலானது என்பதற்கு ஆணையத்தின் எண்களே சாட்சி. 2024-ம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். ஜூன் மாதம் முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,83,213. முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,627. ஆளுமைத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,845. 2025 ஏப்ரலில் வெளியான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தவர்கள் 1,009. முதல்நிலைத் தேர்வை எழுதிய ஏறக்குறைய 578 பேரில் ஒருவர்.

இந்த எண்ணைப் பார்த்ததும் இரண்டு விதமான உபதேசங்கள் கிடைக்கும். 'மனம் இருந்தால் மார்க்கம் உண்டு, கடைசிவரை விடாதே' என்பது ஒன்று. 'இதெல்லாம் நமக்கு எதற்கு, கிடைத்த வேலையைப் பார்' என்பது மற்றது. தன்னைத் தானே நிர்வகிப்பது என்பது இந்த இரண்டிலும் இல்லை. எது தன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்ப்பதில் அது தொடங்குகிறது.

கையில் இருப்பது எது?

எட்வின் லாக், கேரி லேத்தம் என்ற இரு உளவியல் அறிஞர்கள் இலக்கு நிர்ணயம் குறித்துப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். 'முடிந்தவரை நன்றாகச் செய்' என்று சொல்வதைவிட, திட்டவட்டமான, சற்றுக் கடினமான இலக்கைக் கொடுத்தால் மனிதர்கள் அதிகம் சாதிக்கிறார்கள் என்பது அவர்களது புகழ்பெற்ற முடிவு. சுயமுன்னேற்ற நூல்களும் பயிற்சி மையங்களும் இந்தப் பாதியை உரக்கச் சொல்கின்றன. மறு பாதி அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. வேலை சிக்கலானதாகவும் ஒருவருக்குப் புதியதாகவும் இருக்கும்போது, முடிவை மட்டுமே குறிவைக்கும் இலக்கு பதற்றத்தைத் தந்து கெடுதலும் செய்யலாம். அப்போது கற்றுக்கொள்வதையே இலக்காக வைத்துக்கொள்வதுதான் பலன் தருகிறது.

ஐ.ஏ.எஸ். ஆவது என்பது ஓர் ஆசை. அது கைகூடுவது, அந்த ஆண்டு எத்தனை காலியிடங்கள், கேள்வித்தாள் எப்படி அமைந்தது, மற்ற லட்சக்கணக்கானவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாள் ஒன்றில் மூன்று மணி நேரத்தில் 20 கேள்விகள். ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம். இன்று மாலை ஏழு மணிக்கு, பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து மூன்று கேள்விகளுக்கு 27 நிமிடத்தில் விடை எழுதிப் பார்ப்பது என்பது ஒரு வேலை. அது முழுக்க எழுதுபவரின் கையில் இருக்கிறது. முடிந்ததா, இல்லையா என்று இரவே சொல்லிவிடலாம்.

அந்த வேலைக்கும் நேரம், இடம் குறித்துக்கொண்டால்தான் நடக்கும். ஜெர்மனியில் உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சரும் அவரது சகாவும் 1997-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எளிமையானது. கிறிஸ்துமஸ் முன்னிரவை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படிக் குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அனுப்பினார்கள். இரு பிரிவினருக்கும் எழுத வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஒரு பிரிவினரிடம் நாளும் இடமும் கூடுதலாக இருந்தன.

அட்டவணை ஏன் கிழிகிறது?

சுவரில் ஒட்டிய அட்டவணை தோற்பதற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று அதை எழுதியவரே நம்புகிறார். பெரும்பாலும் உண்மை வேறு. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிப்பதில் மனித மனம் தொடர்ந்து தவறு செய்கிறது. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே சுட்டிக்காட்டிய பிழை இது. 1994-ல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே கோளாறாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மிக மோசமான கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது.

இதற்கு மருந்து மன உறுதி அல்ல, பழைய கணக்கு நோட்டு. போன மாதம் ஒரு பாடத்தை முடிக்க உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று எழுதி வைத்திருப்பவர், அடுத்த பாடத்துக்கு அதே நாட்களை ஒதுக்குவார். வாரத்தில் ஒரு நாளை எந்த வேலையும் போடாமல் காலியாக விடுவார். தவறியவை அந்த நாளில் சேரும். அட்டவணையைக் கிழிக்க வேண்டியிராது.

பழக்கம் விஷயத்திலும் இதே அவசரம். 21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பது பயிற்சி வகுப்புகளில் வேதவாக்கு. அமெரிக்க அழகுசாதன அறுவை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-ல் எழுதிய நூலில் தம் நோயாளிகளைப் பற்றிச் சொன்ன ஓர் அனுபவக் குறிப்பு, வாய்வழியாகத் திரிந்து இப்படி ஆயிற்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஆறுதலான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. நடுவே ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. 22-ம் நாளும் காலை ஐந்து மணிக்கு எழக் கஷ்டப்படுபவர் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

படித்த நேரத்தை எண்ணுவதிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ரோடிகர், கார்ப்பிகி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பிரிவினர் ஒரு பகுதியை இருமுறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம். பன்னிரண்டு மணி நேரம் படித்தேன் என்ற பெருமையைவிட, இரண்டு மணி நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன் என்பது மேல்.

கண்ணாடியில் தெரிவது யார்?

வேலையைச் சீர்படுத்துவது பாதி. அதைச் செய்யும் ஆளைத் தெரிந்துகொள்வது மறு பாதி. இங்கேதான் கடைச்சரக்கு அதிகம். நீங்கள் எந்த வகை ஆள் என்று நான்கு எழுத்தில் சொல்லிவிடும் சோதனைகள் கல்லூரிகளிலும் கம்பெனிகளிலும் சகஜம். அவற்றில் பிரபலமான மையர்ஸ்-பிரிக்ஸ் முறையை, யுங் 1921-ல் வெளியிட்ட கருத்துகளை அடிப்படையாகக் கொண்டு கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல்லும் உருவாக்கினார்கள். மனிதர்களை 16 வகையாக அது பிரிக்கிறது. சில வாரங்கள் கழித்து அதே சோதனையை மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வருகிறது என்பதுதான் அதன் மீதான முக்கியமான குறை.

ஆனால் படித்துப் பார்த்தவர்கள் 'அப்படியே என்னைப் பற்றித்தான்' என்கிறார்களே? அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களைக் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து அவர் எடுத்திருந்தார். அந்த ஆய்வு 1949-ல் வெளியானது. வார ராசிபலன் படித்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இன்று ஆய்வாளர்கள் பரவலாக ஏற்பது ஐந்து அளவுகோல்களை: புதியவற்றில் நாட்டம், பொறுப்பும் ஒழுங்கும், பிறருடன் கலந்து பழகும் விருப்பம், இணங்கிப்போகும் இயல்பு, மனக்கலக்கத்துக்கு ஆளாகும் தன்மை. எவரும் ஒரு வகைக்குள் அடைபடுவதில்லை. ஒவ்வொரு அளவிலும் கூடவோ குறையவோ இருக்கிறார்கள். தனியாக உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதா, கூடிப் படித்தால் அரட்டையாகிறதா, மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் எத்தனை நாள் புத்தகத்தைத் தொட முடிவதில்லை என்று கவனிப்பவர் தன் அளவுகளைத் தானே கண்டுகொள்கிறார்.

தனக்குத் தெரியாததைப் பிறரிடம்தான் கேட்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் 'ஜோஹாரி ஜன்னல்' இதைத்தான் சொல்கிறது. பெயரைக் கேட்டால் வடநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கண்டுபிடித்தது போலத் தோன்றும். உண்மையில் ஜோசஃப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரு அமெரிக்கர்கள் 1955-ல் தங்கள் பெயர்களைச் சேர்த்துச் சூட்டியது. தனக்கும் பிறருக்கும் தெரிந்தது, தனக்கு மட்டும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, எவருக்கும் தெரியாதது என்று நான்கு கட்டங்கள். விடைத்தாளை நண்பரிடம் திருத்தக் கொடுக்கத் தயங்குபவருக்கு மூன்றாவது கட்டம் மூடியே கிடக்கும்.

தன்னை அறிவதால் என்ன லாபம் என்று கேட்டால் விருப்பப் பாடத்தைச் சொல்லலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண். 'இதில்தான் மார்க் விழும்' என்ற தெருப்பேச்சை நம்பிப் பிடிக்காத பாடத்தை எடுத்து, இரண்டு முயற்சிக்குப் பிறகு மாற்றுபவர்கள் உண்டு. தமிழ் இலக்கியத்தை எடுக்கலாம். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். ஆனால் மொழித்தாள்களும் இலக்கியப் பாடங்களும் தவிர வினாத்தாள்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகின்றன. தனக்குத் தமிழில் சிந்தனை ஓடுகிறதா, ஆங்கிலப் புத்தகத்தில் படித்ததைத் தமிழில் எழுதும் வேகம் இருக்கிறதா என்பதற்கான பதில் அவரவர் எழுதிய பத்து விடைத்தாளில் இருக்கிறது.

ஆளுமைத் தேர்வுக்கு 275 மதிப்பெண். முதன்மைத் தேர்வின் 1,750 உடன் சேர்த்து மொத்தம் 2,025. இது குறுக்கு விசாரணை அல்ல, இயல்பான உரையாடல் என்று ஆணையத்தின் அறிவிக்கையே சொல்கிறது. விழிப்பு, தெளிவு, நிதானமான தீர்ப்பு, நேர்மை ஆகியவை பார்க்கப்படும். பொழுதுபோக்கு என்று விண்ணப்பத்தில் எழுதியதிலிருந்தும் கேள்வி வரலாம். சதுரங்கம் என்று சும்மா எழுதியவர் அங்கே தடுமாறுவார். வேண்டாத வேஷத்தை ஒரு மாதத்தில் கற்கலாம். அதை அரை மணி நேரம் காப்பாற்றுவது கடினம்.

எங்கே நிறுத்துவது?

அந்த 2,845 பேரில் 1,836 பேர் இறுதிப் பட்டியலில் இல்லை. மூன்று கட்டங்களையும் பார்த்த இவர்கள் மறுபடி எழுத விரும்பினால், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மறுபடி முதல்நிலைத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். முதல் கட்டத்திலேயே தவறியவரோடு சேர்ந்து ஒரே வரிசையில்.

பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை ஆறு முயற்சிகள். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை ஒன்பது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 37 வயது வரை எண்ணிக்கை வரம்பு இல்லை. சமூக நீதிக்காக வந்த சலுகை இது, தேவையானதும்கூட. ஆனால் ஆணையம் அனுமதிக்கும் உச்சவரம்பையே தன் திட்டமாக ஒருவர் எடுத்துக்கொள்ளும்போது சிக்கல் தொடங்குகிறது. வரம்பு அரசாங்கத்துடையது. அந்த ஆண்டுகள் அவருடையவை.

இவ்வளவு காலம் போட்டாயிற்று, இப்போது விட்டால் எல்லாம் வீண் என்ற எண்ணத்துக்கு ஆட்படாதவர்கள் குறைவு. 1985-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாடகப் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்களையும் தள்ளுபடியில் வாங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் பாதிப் பருவத்தில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் என்னவோ ஒன்றுதான்; கொடுத்த காசு இழுத்துக்கொண்டு போனது. நாடகத்தில் போவது ஒரு மாலைப் பொழுது. இங்கே போவது வயது.

வெற்றிக் கதைகளும் இந்த இழுப்பைக் கூட்டுகின்றன. 2023-ல் வெளியான 'ட்வெல்த் ஃபெயில்' இந்திப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் ஏராளம். பலமுறை தோற்றுப் பிறகு ஐ.பி.எஸ். அதிகாரியான ஒருவரின் உண்மைக் கதை அது. அதே அளவு உழைத்து, பட்டியலில் வராமல், ஊர் திரும்பி நல்ல ஆசிரியராகவோ வங்கி அதிகாரியாகவோ ஆனவரைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம்.

நிறுத்தும் இடத்தை முதல் முயற்சிக்கு முன்பே முடிவு செய்துவிடுவதுதான் விவேகம். தோல்வியின் மறுநாள் எடுக்கும் முடிவில் வலி பேசும். நல்ல மதிப்பெண் வந்த மறுநாள் ஆசை பேசும். எத்தனை முயற்சி, எந்த வயது, குடும்பப் பணம் எவ்வளவு என்ற மூன்றையும் நிதானமான ஒரு நாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது கொடுத்துவைக்கலாம். நீட்டிக்க வேண்டுமானால் அதற்கான காரணத்தையும் முன்பே எழுதிவைக்கலாம். முதல்நிலையைத் தாண்டினால் இன்னொரு வருடம் என்பது ஒரு காரணம். 'இந்த முறை நிச்சயம் என்று உள்மனம் சொல்கிறது' என்பது காரணம் அல்ல.

இரண்டாவது வழியைத் தயாராக வைத்திருப்பது இலக்குக்குச் செய்யும் துரோகம் அல்ல. மாநிலத் தேர்வாணையங்கள், வங்கித் தேர்வுகள், சட்டம், ஆசிரியப் பணி என்று படித்தது பயன்படும் இடங்கள் பல. நேர்முகம் வரை வந்து இறுதிப் பட்டியலில் விடுபட்டவர்களின் விவரங்களை, அவர்கள் சம்மதித்தால், வேலை தரும் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை யு.பி.எஸ்.சி. 2018-ல் தொடங்கியது. 2025-ல் அதை 'பிரதிபா சேது' என்ற பெயரில் விரிவுபடுத்தியிருக்கிறது.

வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. 'இந்த வருஷமாவது வருமா?' என்ற கேள்வியை நிறுத்திவிட்டு, 'நீ குறித்த தேதி எது?' என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். எல்லோருக்கும் தேர்வு காரணம் அல்ல. ஆனாலும் தேர்வில் தோற்றதையும் தான் தோற்றதையும் ஒன்றாக எண்ணிவிடும் மனதைத் தனியே விடக்கூடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

ராஜிந்தர் நகரில் ஒவ்வொரு முடிவு வெளியான பிறகும் நூலக நாற்காலிகள் சில காலியாகின்றன. சில நாட்களில் புதியவர்கள் வந்து உட்காருகிறார்கள். வாடகை அறைச் சுவரில் வரைபடங்கள் ஏறுகின்றன, நடுவே அட்டவணை ஏறுகிறது. அந்தத் தாளின் அடியில் ஒரு வரி எழுத இடம் இருக்கும். எழுந்து போகும் தேதியை அங்கே குறித்துவிட்டால், அதுவரை நிம்மதியாக உட்கார்ந்து படிக்கலாம்.